பாய்மரம் இல்லாத படகு

சாமியம்மாவின் தலையை மழித்து, எண்ணெய் தடவி, பொய்முடி வைத்துக் கட்டுவது என் வேலை. இருபத்தாறு வருடம் அதைச் செய்தேன். அவளுடைய முத்திரை மோதிரமும் என் இடுப்புத் துணியில்தான் முடிந்திருக்கும். அதனால் வாசெத் நகரத்தில் பெரிய மனிதர்கள்கூட என்னைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். ஹெதெபி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆமூன் கடவுளுக்கு எங்கள் ஊரில் ஒரு மனைவி உண்டு. தேவபத்தினி என்பது பட்டம். ஊரார் வாயில் சாமியம்மா. அவளுக்கு மனிதப் புருஷன் கிடையாது, பெற்ற பிள்ளை கிடையாது. ஒரு பெண்ணைத் தத்தெடுத்துத் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். கோயில் வயல்கள், மந்தைகள், களஞ்சியங்கள், பட்டறைகள் எதுவும் அவள் முத்திரை இல்லாமல் அசையாது. ஆகவே எகிப்தில் யார் ராஜாவானாலும் முதலில் தன் வீட்டுப் பெண் ஒருத்தியை அந்த நாற்காலிக்கு அனுப்பப் பார்ப்பான்.

என் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவள் மெரித்மூத் அம்மா. சிறுமியாகத் தெற்கே குஷ் நாட்டிலிருந்து வந்தவள். அவள் தத்தெடுத்திருந்த அஸெதாவும் குஷ் நாட்டவள்தான், அப்போது எங்களையும் ஆண்ட தெற்கு ராஜாவின் அண்ணன் மகள்; ஊராருக்குச் சின்னம்மா. அசீரியப் படை வந்து நகரத்தைக் கொளுத்தியபோது அந்த ராஜா இரவோடு இரவாகத் தெற்கே ஓடிப்போனார். பெண்கள் இருவரையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார். எட்டு வருடம் ஆயிற்று, திரும்பவில்லை. இதற்குள் வடக்கே, கடலோரத்தில், வேறொரு ராஜா எழுந்தான். ஊர் ஊராக அவன் கைக்குப் போனது. சண்டையே இல்லை, கடிதம் போகும், பதில் வரும், அவ்வளவுதான்.

எங்கள் நகரத்துக்கும் கடிதம் வந்தது. ராஜாவின் மகள் தாநேத், வயது பதினொன்று, அறுவடை முடிவதற்குள் படகில் வருகிறாள். தேவபத்தினி அவளைத் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். நகரத் தலைவர் பெதிமொந்து அதைச் சபையில் வாசித்தார். அஸெதாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

மெரித்மூத் அம்மா அன்று மாலை என்னிடம் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுபதைத் தாண்டியவள். கத்தி காதுக்குப் பின்னால் போகும்போது சொன்னாள்.

"பொண்ணு வரட்டும். வேண்டாம்னு சொல்ற தெம்பு நமக்கு இல்ல. ஆனா அஸெதாவுக்கு அப்புறம்தான் அவ. மூணாவது."

அதை அவள் பெதிமொந்துவிடமும் சொன்னாள். அவர் தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறுக்காமல் போனால்தான் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வடக்குப் படகுகள் ஐந்து நாள் தொலைவில் இருப்பதாகச் செய்தி வந்த அன்று அவர் என்னைத் தன் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மாதுளை மர நிழலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார். குடும்பம் எப்படி, முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"சின்னம்மாவ யாரும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல, ஹெதெபி. அவங்க ஊருக்கே அனுப்பி வச்சிரலாம்னு பாக்கறேன். வடக்கத்தி ஆளுங்க வந்து எறங்கறப்ப இந்தம்மா குறுக்க நின்னா எல்லாருக்கும் சங்கடம். கூப்பிட்டா வர மாட்டாங்க. நீ சொன்னா வருவாங்க."

சாமியம்மாவுக்குத் தெரியாமலா என்று கேட்டேன். தெரிந்தால் அவள் மனசு வருத்தப்படும் என்றார். பிறகு என் மருமகன் பாகெமைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாகெம் அவருடைய காவல் ஆட்களில் ஒருவன். என் ஒரே மகளின் புருஷன்.

"நல்ல பய. வாசல் காவலுக்குத் தலைவனாப் போடலாம்னு இருக்கேன். அங்க பாலைவனத்துல உப்பு வெட்டவும் ஆள் கேக்கறாங்க. யாரையாவது அனுப்பித்தான் ஆகணும். யாருன்னு இன்னும் முடிவு பண்ணல."

நான் பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கொட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் நண்பகலில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சிறிய படித்துறையில் படகு நிற்கும் என்று சொல்லியிருந்தார். வெயில் உச்சியில் இருக்கும்போது கோயிலில் எல்லோரும் தூங்குவார்கள்.

அவரை நம்பினேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அஸெதா சில நாள் தலை மழிக்கும்போது தன் ஊர்ப் பாட்டை முணுமுணுப்பாள். வீட்டுக்குப் போனால் சந்தோஷமாகத்தானே இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவளிடம் போய் ஊருக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. தெற்கிலிருந்து ஒரு தந்த வியாபாரி ரகசியமாக வந்திருக்கிறான், உன் அம்மா கொடுத்தனுப்பிய கடிதம் அவனிடம் இருக்கிறது, உன் கையில்தான் தருவானாம் என்று சொன்னேன். எட்டு வருடமாக அவள் அம்மாவிடமிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடப் போய்விட்டேன்.

அடுத்த நாள் நண்பகலில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பெற்ற அம்மா கொடுத்த காதணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். வழியில் சாப்பிடட்டும் என்று நான் ஒரு துணியில் ரொட்டியும் கருவாடும் வெங்காயமும் கட்டி எடுத்திருந்தேன். அவளுக்குத் தெரியாமல் அதைப் படகுக்காரனிடம் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். திருக்குளத்தைச் சுற்றி, வாத்துக் கொட்டடியைத் தாண்டி, நாணல் புதர் வழியாக இறங்கினோம். அவள் எனக்கு முன்னால் வேகமாகப் போனாள். அவள் வேகத்துக்கு என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

நாணலைத் தாண்டியதும் படகு தெரிந்தது. நான்கு துடுப்புக்காரர்கள். அவர்களில் ஒருவனும் கரையில் நின்று வரவேற்கவில்லை. கூரை இல்லை, விரிப்பு இல்லை, அடுப்பு இல்லை. அதைவிட, நடுவில் மரம் இல்லை. பாய்மரத்தை நிறுத்தும் குழிகூட அந்தப் படகில் கிடையாது.

நைல் வடக்கே ஓடுகிறது. தெற்கே போகிறவன் காற்றைத்தான் நம்ப வேண்டும். குஷ் நாடு எத்தனை நாள் வழி. பாய் இல்லாமல் நான்கு பேர் துடுப்புப் போட்டு ஒரு நாள் தொலைவுகூடப் போக முடியாது. அவர்கள் ஒரு நாள் தொலைவு போகப் போவதில்லை. படகின் அடியில் பெரிய கல் ஒன்று, சுற்றிலும் புதுக் கயிறு.

அஸெதா முதல் படியில் கால் வைத்துவிட்டாள். கூப்பிட்டுச் சொல்ல முடியாது. நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தடி தூரம்தான். நான் தேள் கொட்டிவிட்டது என்று அலறிக்கொண்டு மண்ணில் விழுந்தேன். நிஜமாகவே விழுந்ததில் முழங்கை பிளந்தது. கருவாடும் ரொட்டியும் சிதறின.

அவள் திரும்பி ஓடி வந்தாள். தேள்கடிக்கு மந்திரம் தெரிந்தவள் அவள். கோயில் பெண்கள் பலரைக் காப்பாற்றியிருக்கிறாள். என் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். குதிகால், விரலிடுக்கு, கணுக்கால். கடியே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பாமல், தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்து, படகைப் பார்த்தாள். அவளும் நதிக்கரையில் வளர்ந்தவள்தான்.

அவள் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து என் முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். பிறகு எழுந்து நின்று, வாத்துக் கொட்டடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஆறேழு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். படகுக்காரர்களில் ஒருவன் கரையில் குதித்து இரண்டு எட்டு வைத்தான். கூட்டத்தைப் பார்த்து நின்றான். அவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது துடுப்புச் சத்தம் கேட்டது. படகு வடக்கே, தண்ணீர் போகிற பக்கமே போயிற்று.

மெரித்மூத் அம்மாவின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாதுளை மரம், பாகெம், உப்பு, கடிதம் என்ற பொய். அம்மா நாற்காலியில் அசையாமல் கேட்டாள். முடித்ததும் கையை நீட்டினாள். முத்திரை மோதிரத்தைக் கேட்கிறாள் என்று புரிந்து அவிழ்த்தேன். அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன்ன அடிச்சுத் தொரத்தணும்டி," என்றாள். "ஆனா அவங்க வர்ற அன்னிக்கி எனக்கு யாரு முடி கட்டறது?" மோதிரத்தைத் திருப்பி என் மடியில் போட்டாள்.

அஸெதா சுவரோரமாக நின்றிருந்தாள். படகைப் பற்றி, கல்லைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"பெத்த அம்மா பேர இழுக்கணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு, ஹெதெபி அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் பிளந்த முழங்கையைத் துணியால் அழுத்திப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நான் அங்கே இல்லாததுபோலப் பேசினார்கள். பெதிமொந்து மறுபடி முயல்வான். வடக்கத்தியர் வந்து இறங்கும்வரை அஸெதா இந்த உள்ளறையை விட்டு நகரக்கூடாது என்றாள் அம்மா. இறங்கிய பிறகு என்ன ஆகும் என்று அஸெதா கேட்டாள். அந்தச் சிறுமியை நீங்கள் மகள் என்று சொன்ன கணமே நான் வேண்டாதவள். அன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம், சாப்பாட்டில் ஏதாவது கிடக்கும் என்றாள்.

அஸெதா அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு நின்றாள்.

"அவள நீங்க தத்தெடுக்க வேண்டாம்மா. நான் எடுக்கறேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க மக நான். என் மக அவ. அப்படி எழுதிட்டா என்னைத் தொட முடியாது. நான் பொய்யின்னா அவளும் பொய்யி. என்னை இல்லேன்னு ஆக்கினா அவ நாற்காலிக்குக் கால் இருக்காது."

"உன் சித்தப்பன் இருக்கான். எதிரி பொண்ணப் புள்ளையா எடுத்தேன்னு தெரிஞ்சா உன் பேரையே அழிச்சிருவான். அப்புறம் உனக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது."

"ஓடிப்போனப்ப அவர் என்னைக் கூட்டிட்டுப் போகலையேம்மா."

வெளியே கோயில் வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன. அம்மா என் பக்கம் திரும்பி, கோயில் பாடகிகள் வைக்கிற சாதாரணப் பொய்முடி ஒன்று அஸெதாவின் தலைக்குப் பொருந்துமா என்று கேட்டாள்.

பெதிமொந்து அன்றும் மறுநாளும் ஆள் அனுப்பினார். எனக்குத் தேள்கடி ஆறிவிட்டதா என்று விசாரித்தார்கள். சின்னம்மா எங்கே என்றும் கேட்டார்கள். பயந்துபோய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், தானாகவே போய்விடுவாள் போலிருக்கிறது என்று சொல்லச் சொன்னாள் அம்மா. அப்படியே சொன்னேன். மூன்றாம் நாள் காலை, அவள் போய்விட்டாள் என்றேன். அவர் அதை நம்பினாரோ, நம்ப விரும்பினாரோ. அவரும் என்னைப்போலத்தான்.

ஐந்தாம் நாள் காலை வெயில் ஏறும்போது வடக்குப் படகுகள் வந்தன. நகரமே கரையில் நின்றது. பனையோலையும் பூவுமாகப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பெரிய படித்துறையின் மேல்படியில் மெரித்மூத் அம்மா தந்த நாற்காலியில் இருந்தாள். தலையில் கழுகு வடிவக் கிரீடமும் இரட்டை இறகும். எடை தாங்காமல் அவள் கழுத்து நடுங்குவதைப் பின்னால் நின்ற நான் மட்டும் பார்த்தேன். பக்கத்தில் பெதிமொந்து, எழுத்தர், விரித்த சுருள். சுருளில் எல்லாம் எழுதி முடித்து முத்திரைக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. எங்களுக்குக் கீழே இருபது பாடகிகள் இரண்டு வரிசையாக, ஒரே மாதிரி வெள்ளைத் துணி, ஒரே மாதிரி பொய்முடி, கையில் வெண்கலக் கிலுக்கை. இடப்பக்க வரிசையில் தண்ணீரை ஒட்டிக் கடைசியாக நின்றவளின் முடியை அன்று விடியலில் கட்டியது நான்தான். நெற்றியை மறைக்க நான்கு விரல் கூடுதலாக இறக்கியிருந்தேன்.

படகிலிருந்து பலகை போட்டார்கள். முதலில் படகுத் தலைவர் இறங்கினார். நரைத்த, பருத்த மனிதர், ராஜாவுக்கு மாமன் முறை. அவருக்குப் பின்னால் அந்தப் பெண். பதினாறு நாள் தண்ணீர்மேல் வந்தவள். எலும்பும் தோலுமாக, பொன்னும் மணியும் சுமந்துகொண்டு வந்தாள். பலகை முடிந்து ஈரப்படியில் கால் வைத்ததும் தள்ளாடினாள். முன்னால் அத்தனை படிகள், அத்தனை முகங்கள், உச்சியில் இறகு வைத்த ஒரு கிழவி. அவள் நின்றுவிட்டாள். மாமன் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் நகரவில்லை, வாந்தி எடுக்கப்போகிற குழந்தையைப்போல வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போது கடைசிப் பாடகி கிலுக்கையைக் கீழே வைத்தாள். பொய்முடியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். முட்டளவு தண்ணீரில் இறங்கி, அந்தச் சிறுமியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கூட்டத்தில் சத்தம் அடங்கியது. அவளை ஊருக்கே தெரியும். எட்டு வருடத்துக்கு மேல் திருவிழாக்களில் பார்த்த முகம்.

"இவ என் மக," என்றாள் அஸெதா, கரை முழுக்கக் கேட்கும்படி. "எங்கம்மா எனக்குக் கொடுத்தத நான் இவளுக்குக் கொடுக்கறேன். ஆமூன் சாமி பாத்துக்கிட்டு இருக்கார்."

கூட்டம் ஒரு மூச்சு பொறுத்தது. பிறகு கத்தித் தீர்த்தது. பனையோலைகள் தண்ணீரில் வந்து விழுந்தன.

படகுத் தலைவரின் ஆட்கள் இருவர் கத்தியில் கை வைத்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. அஸெதாவுக்குப் பின்னாலேயே படியேறி வந்து நகரத் தலைவரிடம் கேட்டார்.

"யாருய்யா இது? நாற்காலிக்கு வேற வாரிசே கிடையாதுன்னு எழுதியிருந்தீங்க."

பெதிமொந்துவின் உதடு அசைந்தது. அவள் வாரிசு என்றால் ராஜாவுக்குப் பொய் எழுதியவர் ஆகிறார். இல்லை என்றால், கத்திக்கொண்டிருக்கிற நகரம் முழுக்க எதிரே நிற்கிறது. அந்த நேரத்தில் நான் பாகெமைத் தேடினேன். வாசலோரம் ஈட்டியோடு நின்றிருந்தான், எங்களைப் பார்க்காமல் நேராகப் பார்த்தபடி.

"என் மக," என்றாள் மெரித்மூத் அம்மா நாற்காலியிலிருந்து. "எனக்கு இன்னும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. நான் போனதும் பதினாலு வயசுப் புள்ளைய இந்த ஊர்ல தனியா விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? இல்ல, இவள மாதிரி ஒருத்தி கூட இருக்கட்டுமா? உங்க ராஜாவ நெனச்சுச் சொல்லுங்க."

படகுத் தலைவர் அஸெதாவை ஏற இறங்கப் பார்த்தார். சிறுமி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தோளில் புதைத்திருந்தாள். இறக்கிவிடச் சொன்னார். அஸெதா குனிந்தாள், சிறுமி கையை விடவில்லை. அவர் சிறுமியின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அவள் தலையசைத்தாளா, வெறுமனே முகத்தைத் தேய்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து கரையைப் பார்த்தார், தன் படகுகளை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அந்தப் பேரையும் எழுதுங்க," என்றார் எழுத்தரிடம். "வெள்ளம் வர்றதுக்குள்ள நான் ஊர் போய்ச் சேரணும்."

எழுத்தர் சுருளைப் படியில் வைத்து, மெரித்மூத்துக்கும் தாநேத்துக்கும் நடுவில், நெருக்கிப் பிடித்து அந்தப் பெயரை எழுதினார். மை காய்ந்த பிறகுதான் அம்மா எனக்குக் கண்காட்டினாள். சுருளில் ஒட்டிய களிமண்ணில் மோதிரத்தை அழுத்தினேன். முதல் அழுத்தம் கோணலாயிற்று. அழித்து மறுபடி அழுத்தினேன்.

பெதிமொந்து பதவியை இழக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் இழப்பதில்லை. அன்றைய விருந்தில் அஸெதாவுக்கு முதலில் குனிந்து வணங்கியவர் அவர்தான். ஆனால் பத்து நாள் கழித்துப் பாகெம் பாலைவனத்துக்கு உப்பு வெட்ட அனுப்பப்பட்டான். என் மகள் என் வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே, என்னை அம்மா என்று கூப்பிடுவதை இன்றோடு விட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெரித்மூத் அம்மா மூன்றாவது வருடம் இறந்தாள். அஸெதா அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை. ராஜாவின் கடிதம் தாநேத்தின் பெயருக்குத்தான் வந்தது. இரட்டை இறகை அஸெதாவே எடுத்து அவள் தலையில் வைத்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தாநேத் எந்தச் சுருளிலும் முத்திரை வைக்கும் முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. வடக்கிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமலே பழகிக்கொண்டார்கள்.

தெற்கிலிருந்தும் ஒரு நாள் ஆள் வந்தான், இந்த முறை நிஜமாகவே. சித்தப்பா அவள் பெயரைக் குடும்பக் கல்லிலிருந்து கொத்தி எடுத்துவிட்டாராம். வந்தவன் அதைச் சொல்லித் தலைகுனிந்து நின்றான். சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்டாள் அஸெதா. அவள் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். நான் அறையில் இருந்ததாலோ என்னவோ, கேட்கவில்லை.

அவள் என்னைத் துரத்தவில்லை. தலை மழிப்பதும் எண்ணெய் தடவுவதும் எப்போதும்போல நான்தான். ஆனால் நான் ஊற்றிக் கொடுக்கும் எதையும், முதல் வாய் நான் குடித்துக் காட்டாமல் அவள் வாயில் வைத்ததில்லை. வாயால் கேட்கமாட்டாள்; கிண்ணத்தைக் கையில் வாங்காமல் காத்திருப்பாள்.

பாகெம் ஐந்தாவது வருடம் வந்தான். உப்பும் வெயிலும் ஒரு கண்ணை வெள்ளையாக்கியிருந்தன. அவன் வந்தது எனக்குத் தெரியாது; மகள் சொல்லியனுப்பவில்லை. ஒரு நாள் காலை வேலைக்கு வரும்போது எங்கள் உள்வாசலில், கோயில் காவலரின் உடுப்பில், அவன் நின்றுகொண்டிருந்தான். அஸெதா வாயிலிருந்து உத்தரவு வராமல் அந்த வாசலில் யாரும் நிற்க முடியாது. நான் அவனைப் பார்த்து நின்றுவிட்டேன். நல்ல கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, கதவின் தாழை விலக்கினான்.

"உள்ள போங்க அத்தை," என்றான். "நேரமாகுது."

அஸெதாவிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்று தலை மழித்து முடிந்ததும் பார்லிக் கள் ஊற்றினேன். அவள் காத்திருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தேன்.